அம்பு அழிந்த பனித்துண்டு

பனிக்கட்டியோடு மாரடிப்பவனுக்கு டீ சூடாகக் கிடைப்பதே பெரிய விஷயம். அன்று கிடைத்தது. அதனால்தான் எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஐயா.

எங்களுடையது அலுப்பான வேலை. துருவத்தில் துளைபோட்டு எடுத்த பனியைத் துண்டு துண்டாக அறுத்து, அந்தப் பனி பெய்த காலத்தில் அங்கே எவ்வளவு வெப்பம் இருந்தது என்று கணக்கிடுவோம். ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலம் என் பங்கு. துருவம் அப்போது திடீரென்று சூடேறியது என்று நான் போட்ட வரைபடம் இருபது வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என் மகளே அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதினாள்.

ஒவ்வொரு துண்டிலும் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இருக்கும். ஒரு துண்டில் அது அழிந்திருந்தது. அதை அறுத்த அன்று எனக்குக் காய்ச்சல். உத்தேசமாக நானே ஒன்றைப் போட்டேன். அது தலைகீழ். துருவம் அப்போது சூடேறவில்லை, குளிர்ந்திருக்கிறது. பக்கத்துத் துண்டுகளின் தூசிக் கோடுகளோடு ஒப்பிட்டு, இத்தனை வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. இருபது வருடம் கூடவே பனி அறுத்தவர்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தப்பு யாருக்குத்தான் வராது, தம்பி? திங்கக்கிழமை ரெண்டு பேர் பேரையும் போட்டே திருத்தம் எழுதிடலாம்" என்றார். தப்பு என்னுடையது, அவர் பெயர் எதற்கு? அந்தப் பெருந்தன்மை எனக்கு அலுப்பாக இருந்தது.

சனிக்கிழமை மதியம். எங்களைத் தவிர யாரும் இல்லை. இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்று குளிர் அறைக்குள் போனார். மைனஸ் முப்பது. பத்து நிமிட வேலைதானே என்று மெல்லிய மேல்சட்டையோடு போனார். குளிரில் கெட்டுவிடும் என்று போனை மேஜையிலேயே வைத்திருந்தார். கதவின் உள்கைப்பிடி ஒரு வாரமாக உறைந்து இறுகியிருந்தது. அதனால் வெளியே ஒருவர் இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் மூன்று முறை தட்டினால் திறக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

நான் டீயோடு உட்கார்ந்தேன். களைப்பு, ஐயா. இருபது வருடக் களைப்பு. கண் அசந்துவிட்டேன். விழித்தபோது மணி ஆறு. நான் கதவைப் பூட்டவில்லை, அவர்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. தூங்கியது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. கடைசி வரை முறையாகவே நடந்துகொண்டார். கதவை ஓங்கி அடிக்கவில்லை. பேசி வைத்தபடி மும்மூன்றாகவே தட்டினார். முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. பதினோரு தடவை. கடைசித் தடவை இரண்டோடு நின்றுவிட்டது. மூன்றாவதும் வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன்.