கழற்றி வைக்க ஒரு வாசல்

கடைசியாக வந்தும் முதல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நகரசபைத் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் தூண்களாய் வீற்றிருக்கும் சந்தைச் சங்கத்தின் மூத்தோர்களே! விலை என்று வந்தால் விட்டுக்கொடுக்காத, பசி என்று வந்தால் பார்த்துக்கொண்டிருக்காத தாய்மார்களே! தராசு பிடித்த கரங்களே, தள்ளுவண்டி தள்ளிய தோள்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கின்ற நல்லவர்களே! உங்கள் அனைவரின் பாதங்களையும் பணிந்து வணங்குகிறேன்.

பாதங்களை என்று சொன்னது பணிவினால் மட்டுமல்ல, பழக்கத்தினாலும்தான். சந்தை முனையில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். முகம் மறந்தாலும் பாதம் மறக்காதவன். மேடையேறும் பேச்சாளர்களுக்கெல்லாம் கூட்டத்திலிருந்து செருப்பு பறந்து வருமோ என்று உள்ளுக்குள் உதறல். எனக்கு அது கிடையாது. வீசுகிறவர்கள் தயவுசெய்து ஜோடியாக வீசுங்கள். ஒற்றைச் செருப்பு விலைபோகாது!

இந்த உடல்நல விழாவில் எனக்கு முன்னால் பேசிய தலைவர் அருமையாகச் சொன்னார். நல்ல காற்றைச் சுவாசியுங்கள், நன்றாக உறங்குங்கள், நோய் உங்களை நெருங்காது என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டாமல், கட்டுப்போட்ட காலை ஒரு காலிக் கூடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் நம் வெண்டைக்காய் அக்கா!

அக்காவை அறியாதவர் உண்டா? அவள் வண்டியில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தவர், தன் விரல் நுனி தப்பியதா என்று பார்த்துக்கொண்டே வீடு போக வேண்டும்! பகலெல்லாம் அந்த வண்டியைத் தள்ளுவாள். இருட்டியதும் சந்தையின் பின்சுவர் ஓரத்தில், அதே வண்டிக்கு அடியில், தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்வாள். கூரையைத் தள்ளிக்கொண்டே தொழிலுக்குப் போகிற ஒரே மனுஷி இந்த ஊரில் அவள்தான்.

அந்த அக்காவுக்குச் சர்க்கரை நோய். காய்கறிப் பெட்டியின் ஆணி குத்திய காலில் புண். டாக்டரம்மா இன்சுலின் கொடுத்தார், ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார். “குளிர்ச்சியான இடத்துல வைங்கம்மா” என்றார். அக்காவும் தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம் சொன்னாள்: “தம்பி, குளிர்ச்சிக்கு ஏற்பாடு பண்ணிடலாம். இடத்துக்குத்தான் எங்க போறது?”

ஏற்பாடு செய்தாள். எங்கே தெரியுமா? மீன்கார அண்ணனின் ஐஸ் பெட்டியில்! மேலே வைத்தால் சூடு தட்டிவிடும் என்று, அடி ஆழத்தில், ஐஸ்கட்டிகளுக்கு நடுவே, தங்க நகையைப் புதைப்பதுபோலப் புதைத்தாள். வேளை தவறாமல் எடுத்தாள், உருக்கினாள், போட்டாள். சர்க்கரை இறங்கியதா? ஏறியது. புண் ஆறியதா? அகன்றது. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். சர்க்கரை அதற்கும் மேலே கூடியது.

“உண்மையச் சொல்லுங்க. இனிப்பு சாப்பிடுறீங்களா?”

“இனிப்பா? சும்மா குடுத்தாலும் தொடமாட்டேன் டாக்டர்.”

“அப்போ ஊசி போடுறதில்லையா?”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. இடுப்பிலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா எடுத்துப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். மறுபடியும் முகர்ந்தார்.

“ஏம்மா, இன்சுலின்ல எப்படிம்மா மீன் வாடை வருது?”

அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: “ஐஸ் பெட்டியில அடியில வெச்சிருக்கேன்ல! அதுல மீனே கெட்டுப்போறதில்ல. மருந்து கெட்டுருமா?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “மீன் உறையலாம்மா. இது உறைஞ்சா வேலை செய்யாது. இவ்வளவு நாளும் வெறும் தண்ணிய குத்தின மாதிரிதான்” என்றார்.

தோழர்களே! அக்கா செய்தது அலட்சியமா? அளவுக்கு மீறிய அக்கறை! வீடுள்ளவன் மருந்தை மறந்து கெடுக்கிறான். வீடில்லாதவள் பொத்திப் பொத்திக் கெடுத்தாள்.

என்ன ஐயா? பின்னாலிருந்து ஒருவர், “தெரிஞ்சவங்க ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமே” என்கிறார். வைக்கலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே மருந்தே விருந்தாளியாகப் போக வேண்டியிருக்கிறதே! பழச்சாறுக் கடைக்காரர் பெரிய மனது பண்ணித் தன் ஃப்ரிட்ஜில் இடம் கொடுத்தார். மகள் கல்யாணம் வந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அக்கா வெளியே, மருந்து உள்ளே! அதோ, பழச்சாறுக்காரர் தலை குனிகிறார். நிமிருங்கள் அண்ணே! கல்யாணத்துக்குப் போனது குற்றமா? ஒருத்தியின் உயிர் அடுத்தவர் கடைப் பூட்டில் தொங்குகிறதே, அதுதான் குற்றம்.

“தம்பி, உள்ளதை மட்டும் பேசு, நீட்டாதே” என்று அக்கா முறைக்கிறாள். சரி அக்கா, சுருக்குகிறேன்.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா சொன்னார்: “கால ஈரம் படாம வெச்சுக்கணும். உயர்த்தி வெச்சுப் படுக்கணும். மழைக்கு முன்னாடி ஆறலைன்னா கால எடுக்க வேண்டி வரும்.” ஈரம் படாமல் எங்கே வைப்பாள்? வருஷா வருஷம் முதல் மழையிலேயே சாக்கடை எழுந்து அவள் படுக்கையைத் தேடி வருகிறது. உயர்த்தி எப்படி வைப்பாள்? உயர்த்தினால் வண்டி இடிக்கிறது! நோய் அவள் காலிலா இருக்கிறது? கால் வைக்கிற இடத்தில் அல்லவா இருக்கிறது! மருந்து கொடுத்தோம், இடம் கொடுத்தோமா? புத்தி சொன்னோம், புகலிடம் சொன்னோமா?

தலைவர் அவர்களே, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அந்தப் பின்சுவருக்கு அந்தப்பக்கம், வீடில்லாதவர்களுக்கென்று நகரசபை கட்டிய குடியிருப்பு நிற்கிறது. வண்ணம் அடித்தாயிற்று, குழாயில் தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது. உள்ளே யார் குடியிருக்கிறார்கள்? புறாக்கள்! எந்தப் புறாவுக்காவது காலில் புண் உண்டா? நம் ஆட்கள் ஏன் உள்ளே போகவில்லை? திறப்புவிழாவுக்குப் பெரியவர் ஒருவர் நாடா வெட்ட வர வேண்டுமாம், அவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். ஐயா, கத்தரிக்கோல்தான் சிக்கல் என்றால் தோல் வெட்டும் கத்தரிக்கோல் இதோ என் பையில் இருக்கிறது. நாடாவென்ன, நாள் பார்ப்பதையும் சேர்த்தே வெட்டும்!

தலைவர் சிரிக்கிறார். நல்லது. சிரித்த முகத்திடம் கேட்பது எளிது.

பையில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் பாருங்கள். மெத்தென்ற அடி, புண்ணில் உரசாத வார், அக்காவின் பாத அளவு. இரண்டு காலுக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அக்கா திட்டினாள்: “ஒரு கால் போகப்போகுதுன்றாங்க, நீ எதுக்குடா ஜோடியா தைக்கிற?” அழுகை வந்தது எனக்கு. அழாமல் சொன்னேன்: “என் கடையில ஒத்தச் செருப்பு விக்கிறதில்லக்கா.”

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், சிரித்த முகங்களுக்கும், சிரிப்புக்கு நடுவே முந்தானையால் கண் துடைத்த தாய்மார்களுக்கும் நன்றி. செருப்பு போட்டு நடக்க மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வீடு வந்ததும் கழற்றி வைக்கவும்தான். ஜோடி என் பொறுப்பு, தைத்துவிட்டேன். மழைக்கு முன்னால் அதைக் கழற்றி வைக்க ஒரு வாசல், அது உங்கள் பொறுப்பு. தலைவர் அவர்களே, செருப்பை உங்கள் மேசைமேலேயே வைத்துவிட்டு, வணங்கி இறங்குகிறேன்.