டேங்க் மேல் ஒரு டிக்

இடுப்பு வலிக்காரனுக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி ஆகாது, ஐயா. நீங்கள் போட்டது நல்ல நாற்காலிதான், குறை சொல்லவில்லை. எனக்கு மர ஸ்டூல்தான் சரிப்படும்.

என் பெயர் மதுரைவீரன். ஊத்தங்கரைப் பக்கம். ஓசூரில் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்கிற பட்டறையில் தண்ணீர்த் தொட்டி வேலை பார்த்தேன். டேங்குக்குள் காற்றை அடைத்துத் தொட்டியில் அமுக்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. காற்று நிரம்பிய டேங்க் லேசில் அமுங்காது. குனிந்து முழு உடம்பையும் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து நிமிர்ந்தால் இடுப்பில் யாரோ கடப்பாரை வைத்து நெம்புகிற மாதிரி இருக்கும். விரல் இடுக்கெல்லாம் ஊறி வெள்ளையாகிவிடும்.

எனக்கு எதிரே கோவிந்தப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து கேஸ் வெல்டிங் வைப்பான். நாகரசம்பட்டிக்காரன். கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம்.

"ஏன்டா வீரா, எருமையாட்டம் தண்ணிய வுட்டு ஏறவே மாட்டியா? குந்தாரப்பள்ளி சந்தையில நிறுத்துனா நல்ல வெலைக்குப் போவடா."

நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எனக்கும் வெல்டிங் தெரியும். மாற்றிக் கொடுங்கள் என்று சூப்பர்வைசர் கிருஷ்ணப்பனிடம் கேட்டேன்.

"அவன் இருக்கற வரைக்கும் அது அவன் எடம்ப்பா. ஒரு ஸ்டூல்ல ரெண்டு பேரு குந்த முடியுமா?"

நியாயமான பேச்சு. மனதில் வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஓடிய வண்டியின் டேங்க் ரிப்பேருக்கு வந்தால் முதலில் என்னிடம்தான் வரும். மிச்சப் பெட்ரோலை இறக்கி, சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, சாக்பீஸால் மேலே ஒரு டிக் போடுவேன். டிக் இருந்தால்தான் கோவிந்தப்பன் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைப்பான். இருந்துவிட்டால் மோந்துகூடப் பார்க்க மாட்டான்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஒரு டேங்க் வந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் பிரித்துப் பார்க்க வாங்கி வந்த வெளிநாட்டு வண்டியுடையது. அதில் கார்புரேட்டர் கிடையாதாம். நம் வண்டி டேங்கில் அடியில் ஒரு காக் இருக்கும். திறந்தால் பெட்ரோல் தானாக இறங்கும், கவிழ்த்தால் காலி. இதில் காக்கே இல்லை. டேங்குக்குள்ளேயே பம்பு நின்று பெட்ரோலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புமாம். மிஞ்சியது திரும்பவும் டேங்குக்கே வருமாம். பம்பைக் கழற்றிக்கொண்டு, ஜாயின்டில் கசிவதை மட்டும் அடைத்துக் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

கவிழ்த்தேன், அலசினேன். காலி என்றுதான் நினைத்தேன். நிமிர்த்தும்போது உள்ளே ஏதோ தளும்பியது. கம்பி விட்டுத் துழாவினேன். பம்பு நின்ற இடத்துக்குப் பக்கத்தில், மிஞ்சின பெட்ரோல் வந்து விழுவதற்கு, மூடி போட்ட ஒரு டப்பா. பக்கவாட்டில் மட்டும் சின்ன ஓட்டை. கம்பி நுனியை மோந்தேன். பெட்ரோல்.

டேங்கைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் வடிந்திருக்கும். குனிந்து பிடிக்க வேண்டும். அன்றைக்கு என் இடுப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

டிக் போட்டேன்.

கோவிந்தப்பன் டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னடா இது, காக்கே இல்ல? இது ஒண்ணுக்குப் போறது எந்தப் பக்கம்?"

"எனக்கென்ன தெரியும். கழுவியாச்சு."

தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். வழக்கமாகக் குனிகிற இடம்தான். அன்றைக்குத் தொட்டியில் டேங்க் எதுவும் இல்லை.

டேங்க் வெடித்ததை விசாரிக்க வந்தவர்கள், புது மாதிரி டேங்க், உள்ளே இப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிய வழியில்லை என்று எழுதினார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் நானே சோடாத் தண்ணீர் விட்டு, இடுக்கெல்லாம் தேய்த்து, நன்றாகக் கழுவினேன்.

டார்ச் என்னிடம் வந்தது. கோவிந்தப்பன் பெண்சாதி சென்னம்மாவுக்கு முதலாளி இரக்கப்பட்டுத் தொட்டி வேலை கொடுத்தார். நல்ல பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்வதைப் பார்த்து என் தைலப் புட்டியைக்கூடக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஆனதைச் செய்தே வந்தேன், ஐயா.

இன்றைக்குக் காலையில் அதே மாதிரி இன்னொரு டேங்க் வந்தது. சென்னம்மா அலசிக்கொண்டிருந்தாள். டார்ச்சோடு உட்காரப் போகிறவன் நான். அதனால் சொன்னேன்.

"அம்மா, உள்ள மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்குது. ஓட்டை இருக்கிற பக்கமாச் சாய்ச்சுப் புடி. அதுல பெட்ரோல் தங்கும்."

அவள் கை நின்றது.

"அவரு போனப்ப யாருக்குமே தெரியாதுன்னாங்களேண்ணா. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நான் டார்ச் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் டேங்கைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மேலே டிக் இருந்தது. போய்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

நான் பற்றவைக்கவில்லை. மோந்தும் பார்க்கவில்லை. எழுந்து நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அவள் அதைச் சாய்த்துப் பிடித்தாளா இல்லையா என்று நீங்கள்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு உயிர் விஷயத்தில் அப்படி நடந்துகொள்வது சரியில்லை. நான் போய்க் கேட்க முடியாது, ஐயா. அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி.