அண்ணன் பேர்ல தம்பி எச்சில்

உட்காருங்க, உட்காருங்க... சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. இலை போடறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்.

மண்டபத்து வாசல்ல மேஜை போட்டு, குழாய் வெச்சிருக்காங்களே, பாத்தீங்களா? அதுல துப்பிக் கொடுத்தா, நம்ம மரபணுவைப் படிச்சு, 'உனக்கு இது ஆகும், இது ஆகாது'ன்னு தினமும் செல்போன்ல ஆப் சொல்லுமாம். நல்ல சரக்குதான். நான் குறை சொல்ல வரலை. ஆனா மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு மேஜை நம்ம மஞ்சள் மண்டிக்கும் வந்துச்சு...

அப்ப சென்னியப்பண்ணன் இருந்தாரு. அவரும் அவர் தம்பி நாச்சிமுத்துவும் ஒரே மண்டி. நான் சாக்கு தைக்க வந்த நாள்ல இருந்து பழக்கம். காலையில ஏலத்துக்கு முன்னாடி கோவிந்தன் காபிக் கடை பெஞ்சு. அண்ணன் அந்த ஓரம், தம்பி இந்த ஓரம், நடுவுல நான். இருபத்தேழு வருஷமுங்க! டம்ளர் சூடு தாங்காம துண்டு நுனியில பிடிச்சுக்குவோம். அந்தப் பெஞ்சுல பேசித்தான் எனக்குப் பொண்ணு பாத்தாங்க. என் கடைக்குப் பேர் வெச்சதும் அங்கதான். ஒரு கால் குட்டைப் பெஞ்சு அது. இப்பவும் காபிக்கொட்டை வறுக்கற வாசம் வந்தா... அது ஆடற மாதிரியே இருக்கும் எனக்கு.

சரி, கதைக்கு வர்றேன். மேஜை வந்த அன்னிக்கு அண்ணனுக்கு ஏலத்துல வேலை. தம்பியைக் கூப்பிட்டாரு.

"டேய் நாச்சி, எம் பேர்ல போயி நீ துப்பிட்டு வாடா."

"உங்க பேர்ல நான் எப்படீங்ணா துப்பறது?"

"ஒரே வயித்துல பொறந்த ஒரே குவியல், ஒரே அம்பாரம்டா நாம! ஒரு அம்பாரத்துக்கு எவனாச்சும் ரெண்டு சாம்பிள் எடுப்பானா?"

சிரிக்கறீங்க! நம்மள்ல எத்தனை பேரு இதையே சொல்லியிருப்போம்? ஒரே தோட்டத்து மஞ்சள்னா ஒரு விரலிக் கிழங்கை ஒடிச்சுப் பாத்து விலை சொல்றவங்கதானே நாம? தம்பி போனான், துப்பினான். பேரு அண்ணன் பேரு. செல் நம்பரும் அண்ணன் நம்பர்.

ஒரு மாசத்துல பதில் வந்துச்சு. 'சென்னியப்பன் அவர்களே, காபி உங்கள் உடம்பில் சீக்கிரம் கரையாது. படபடப்பு வரலாம். தவிர்த்துவிடுங்கள்.' தினம் காலையில அஞ்சரைக்கு இதே சேதி. அண்ணன் பயந்துட்டாரு. அவங்கப்பா நெஞ்சைப் பிடிச்சுட்டுப் போனவரு. காபியை விட்டாரு... காபியை மட்டுமா? வாசம் பட்டா ஆசை வருதுன்னு பெஞ்சுப் பக்கமே வர்றதில்லை.

"சும்மாவாச்சும் வந்து உட்காருங்கண்ணா."

"வேண்டாம்ப்பா. செல்லு பாத்துட்டே இருக்குது."

தம்பி என்ன பண்ணினான்? அண்ணன் பங்கு வீணாகக் கூடாதுன்னு வேளைக்கு ரெண்டு டம்ளர் குடிச்சான்! எட்டு மாசம்... ஒரு நாள் ஏலத்துல விலை கூவிட்டிருக்கும்போதே நெஞ்சு தடதடன்னு அடிச்சு, மஞ்சள் குவியல் மேலயே சாஞ்சுட்டான்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "இவரு தினம் எத்தனை காபி குடிப்பாரு?"ன்னு கேட்டாங்க. "ஆறு, ஏழு இருக்குமுங்க"ன்னேன். அண்ணன் அழுதுக்கிட்டே செல்லை நீட்டறாரு.

"எனக்குத்தானுங்கம்மா காபி ஆகாது! இவனுக்கு ஏன் வந்துச்சு?"

கட்டில்ல கிடந்தவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணா... அது என் எச்சிலுங்ணா."

டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "கூடப் பொறந்தாலும் உடம்பு வேற வேறங்க!" அண்ணனையும் சோதிச்சுப் பாத்துட்டு, "நீங்க காலையில ஒரு டம்ளர் தாராளமா குடிக்கலாம்"னாங்க.

தம்பி பிழைச்சுட்டான். மறுநாள் காலையில அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, என்னை இழுத்துக்கிட்டு கோவிந்தன் கடைக்கு நடக்கறாரு. கடை இருந்த இடத்துல... ரோடு.

"பெஞ்சு எங்கப்பா?"

"ரோட்டை அகலப்படுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்ணா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

நின்னு பாத்துட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பிட்டாரு. காபியை டாக்டரம்மா திருப்பிக் கொடுத்தாங்க. அந்த எட்டு மாசக் காலையை யாரு கொடுப்பாங்க?

அடுத்த தையில அண்ணன் போயிட்டாரு. வயசுதான், வேற ஒண்ணுமில்லை. அவர் செல் இப்ப தம்பிகிட்ட. இன்னிக்கும் அஞ்சரைக்கு அடிக்குது. 'சென்னியப்பன் அவர்களே, காபியைத் தவிர்த்துவிடுங்கள்.' நிறுத்தச் சொல்லி எழுதிப் போடுடான்னேன். "இருக்கட்டும்ப்பா... அண்ணனே சொல்ற மாதிரி இருக்குது"ங்கறான்.

ஐயா, வாசல்ல மேஜை இருக்குது. வேணும்ங்கறவங்க போங்க, துப்புங்க. ஆனா அவங்கவங்க பேர்ல துப்புங்க! வியாபாரம் முடிஞ்சா சாம்பிளைக் குவியல்லயே திருப்பிப் போடறவங்க நாம. அந்தக் குழாய் யாரு குடோன்ல கிடக்கும், ஆள் போன பின்னாடியும் கிடக்குமான்னு கேக்க நமக்கு வாய் இல்லையா? கேட்டுட்டுத் துப்புங்க.

அந்த ஆப் காபி வேண்டாம்னா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு காபியை விடுங்க. வெறும் சுடுதண்ணி குடிங்க...

பெஞ்சுக்கு மட்டும் போகாம இருந்துடாதீங்க.