தாய்மாமன் வராத சாமத்திய வீடு

ஈஸ்ட் ஹாமிலிருந்து பிளேஸ்டோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில், பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டு அழைப்பிதழ்க் கட்டு.

"சாமத்திய வீடு வைக்கிற ஹோல் நூறு மீட்டர் நீளம் வருமோ?" என்று அவர் கேட்டார்.

"ஏனக்கா, ஓட்டப்போட்டியோ?"

"என்ர தம்பி தன்ர பெண்சாதி சுதாவுக்கு நூறு மீட்டருக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு கோர்ட் ஓடர் போட்டிருக்கெல்லே. அவனை ஒரு தொங்கலில, அவளை மற்றத் தொங்கலில இருத்தலாமெண்டு பாக்கிறன்."

"பெண்டிலின்ர கையை முறிச்சவனையோ?"

"தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது? சனம் என்ன சொல்லும்? ஒரு நாளைக்கு விட்டுக்குடுக்கச் சொல்லிச் சுதாவைக் கேப்பம்."

"அவள் ஓமெண்டாலும் ஏலாது. கோர்ட் போட்டதைக் கோர்ட்தான் எடுக்கவேணும். வந்தால் பொலிஸ் பிடிக்கும்."

"அப்ப சுதாவை வரவேண்டாமெண்டு சொல்லவோ? பிள்ளை மாமி, மாமியெண்டு நிக்கிறாள்."

"சொல்லுங்கோவன். அடிவாங்கினவள் வீட்டில இருக்கட்டும், அடிச்சவன் மாலையோட நிக்கட்டும். உங்கட மகளும் பாத்துப் பழகட்டும்."

பிறகு மூத்தவர் கைபேசியை எடுத்தார்.

"சுதா, நான் அக்கா கதைக்கிறன். பிள்ளைக்கு நீதான் தண்ணி வாக்கவேணும்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"இல்லையம்மா, அவன் வரமாட்டான்."

மீண்டும் ஏதோ கேட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம். என்ர தம்பி. நான்தான் அவனுக்குச் சொல்லவேணும்."