எதுவுமே ஒட்ட மாட்டேங்குது

...அதான் கேக்குறேன், டயர் மாத்துறதுக்குன்னு கடை இருக்கா இல்லையா? எங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல நடந்து போற தூரத்துலயே ரெண்டு கடை இருக்கு. அத விட்டுட்டு ஒரு மனுஷன் பதினோராவது மாடியில, நடு ஹால்ல, நான் படுக்குற பாயில உக்காந்து டயர் மாத்துறாருன்னா... நீங்க நல்லா உக்காருங்கமா. பயப்படாதீங்க, கறுப்பெல்லாம் படாது. பழைய கைலி சுத்தித்தான் மடியில வச்சிருக்கேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? மோட்டார் சைக்கிள் டயருதான். ரிம்மோட. முன்னால மாட்டுறது.

நீங்க எங்க எறங்கணும், ஷா ஆலமா? நான் கிள்ளான் போறேன். எங்க சித்தப்பா மகன் திருச்செல்வம் அங்க டயர் கடை வச்சிருக்கான். மெஷின்லாம் இருக்கு. டயர மாட்டி ஒரு சுத்து சுத்துனா எங்க வெயிட்டு கூட, எங்க கொறைச்சல்னு அதுவே சொல்லிடுமாம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமதான் தூக்கிட்டு வந்தேன். முடி வெட்டப் போயிருக்காரு. அவரு அங்கிட்டு லிஃப்ட்ல எறங்குறாரு, நான் இங்கிட்டு டயரத் தூக்குறேன். சென்ட்ரல் ஸ்டேஷன்ல கேட்டத் தாண்டும்போது அந்த மலாய்க்கார ஆபீசர் தம்பி கேக்குது, "ஆன்டி, மோட்டார் மானா?" மோட்டார் எங்கன்னு கேக்குது! பின்னால வருதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவரு கடைக்குப் போயிருக்கலாம் லா. போனாரு. ஒரு தடவ. அந்தக் கடைப் பையன் ரிம்முல ஒரு கோடு போட்டுட்டான். இத்துணூண்டு கோடு. நான் கண்ணாடி போட்டுப் பாத்தும் தெரியல. இவரு பாத்தாரு. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. "மலரு, இனிமே என் டயர என் கையால மாத்துவேன்"னாரு. சரி, கோவம், ரெண்டு நாள்ல போயிடும்னு நெனச்சேன். எங்க போச்சு! மூணாம் நாள்லேர்ந்து பார்சல் வர ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்கு இரும்புக் கம்பி, நாளைக்கு காத்தடிக்கிற மெஷினு, அதுக்கு மறுநாள் ரிம்முல கோடு விழாம இருக்க ஏதோ பிளாஸ்டிக்கு. கடைக்காரனுக்குக் காசு குடுக்கக் கூடாதாம், ஆனா பார்சல்காரன் எங்க வீட்டுல வந்து தண்ணி குடிச்சிட்டுப் போற அளவுக்குப் பழகிட்டான்.

கம்பி வர்ற வரைக்கும் பொறுக்கலமா அவருக்கு. என் சாம்பார் கரண்டிய எடுத்து நெம்பிட்டாரு! அது எங்க பெரியம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது. இப்ப அது எப்படி வளைஞ்சிருக்குன்னா, சாம்பார் அள்ளுனா பக்கத்துல இருக்குறவங்க எலையில ஊத்துது.

அப்புறம் டயரு மெதுவாகணும்னு வெயில்ல காய வச்சாரு. எங்க? காரிடார்ல. பக்கத்து வீட்டு ஜெயராஜ் துணி காய வச்சிருக்காரு, இவரு அதத் தள்ளிட்டு டயர வைக்கிறாரு. அந்த மனுஷன் வேலைக்குப் போட்டுப் போற சட்டை எல்லாம் ரப்பர் வாசம். அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. போன மாசம் காத்தடிச்சாரு பாருங்க... டயரு விளிம்பு ரிம்முல போயி உக்காரும்போது ஒரு சத்தம் வருமாமே, உங்களுக்குத் தெரியுமா? நீங்களும் மோட்டார் ஓட்டுறீங்களா? ஓ, அதான் பையில ஹெல்மெட்டா! சந்தோசம். எனக்கு யாரு சொன்னா? நான் மாவு கரைச்சிக்கிட்டு இருக்கேன், படார்! கேஸ்தான் வெடிச்சிருச்சுன்னு நான் கையில மாவோட லிஃப்ட்டுக்கு ஓடிட்டேன். ஜெயராஜ் தீயணைக்கிற செவப்பு டப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள ஓடுறாரு. எங்க வீட்டுக்காரரு நடு ஹால்ல நின்னுக்கிட்டு கையைத் தட்டுறாரு. "உக்காந்துருச்சு! உக்காந்துருச்சு!" எது உக்காந்துச்சு? என் நெஞ்சுதான் உக்காந்துச்சு.

அட, அந்தப் பொண்ணு எறங்கிருச்சு, நீங்க ஜன்னல் பக்கம் வந்துருங்க. வேணாமா? சரி.

எங்க விட்டேன்... ஆங். மாட்டுறது கூட முடிஞ்சிருச்சுமா. இந்த பேலன்ஸ் பண்றதுதான் சூசா, ரொம்பக் கஷ்டம். ரெண்டு நாற்காலியப் போட்டு, நடுவுல கம்பி, கம்பியில டயரத் தொங்க விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அது மெதுவா சுத்தி நிக்கும். நின்னதும் ஏதோ செய்வாரு. மறுபடி சுத்துவாரு. ஒரு சாயங்காலம் பூரா இதே வேலை. என் மூஞ்சிய அப்படி ஒரு தடவ பாத்திருப்பாராமா, முப்பது வருசத்துல? முடிஞ்சதும் பாத்ரூம் செவுத்துல சாத்தி வச்சிட்டு, "பெர்ஃபெக்ட் மலரு"ன்னு சொல்லிட்டுப் படுத்துடுவாரு. காலையில இருட்டோட மாட்டிக்கிட்டு ஃபெடரல் ஹைவேயில ஒரு சுத்து போவாரு.

திரும்பி வரும்போது மூஞ்சியப் பாக்கணுமே! ஹேண்டில் உதறுதாம். வேகம் எடுத்தா கையெல்லாம் ஆடுதாம். மறுபடி கழட்டு, நாற்காலியப் போடு, கம்பியச் சொருகு. மறுநாள் மறுபடி ஆட்டம். ஒரு தடவையா, ரெண்டு தடவையா?

கடைசியில மனுஷன் ஒடைஞ்சு போயிட்டாருமா. சிரிக்கிற விஷயம் இல்ல இது. போன வாரம் சோத்துல கைய வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. "எதுவுமே ஒட்ட மாட்டேங்குது மலரு"ங்குறாரு. "ஏங்க, நான் இருக்கேன், பிள்ளைங்க இருக்கு, என்ன ஒட்டல?"ன்னேன். "எவ்வளவு பாத்துப் பாத்து செஞ்சாலும் காலையில ஒண்ணும் இருக்க மாட்டேங்குது. எல்லாம் விட்டுப் போயிடுது"ங்குறாரு. ஐயோ, வாழ்க்கை வெறுத்துப் போயி பேசுறாருன்னே நெனச்சிட்டேன். ரிட்டயர் ஆன ஆம்பளைங்களுக்கு இப்படி ஆகும்னு ரேடியோவுல டாக்டர் சொல்லியிருக்காரு. ஒடனே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி அர்ச்சனை பண்ணேன். ஐயர்கிட்ட தனியாச் சொன்னேன், சாமி, இவருக்கு எதுவுமே ஒட்ட மாட்டேங்குதாம். அவரு பாவம், நெத்தியில விபூதிய நல்லா அழுத்திப் பூசி விட்டாரு.

நேத்து என்ன சொல்றாரு தெரியுமா? "என் கை போயிடுச்சு மலரு. மோட்டார வித்துடறேன்." அந்த மோட்டாருக்குப் பேரே வச்சிருக்காருமா அவரு. என்ன பேருன்னு எங்கிட்டயே சொன்னதில்ல, தொடைக்கும்போது காதுல சொல்லுவாரு. இன்னிக்கு செமினியிலேர்ந்து ஒரு ஆளு வாங்க வரான். அதான் தூக்கிட்டேன். முன்னால டயரு இல்லாம எப்படி ஓட்டிக்கிட்டுப் போவான், சொல்லுங்க? திருச்செல்வம் மெஷின்ல போட்டுச் சரி பண்ணி, சத்தமில்லாம பாத்ரூம்ல சாத்தி வச்சிட்டேன்னா, இவரு மாட்டி ஓட்டிப் பாப்பாரு, ஆடாது. தன் கையாலதான் சரியாச்சுன்னு நெனச்சிக்கிட்டா நெனச்சிக்கட்டுமே!

இவ்வளவும் பண்ற மனுஷன் டயரச் சுத்தமா வச்சிப்பாருன்னு நெனக்கிறீங்க? அதையும் நான்தான் பாக்கணும். அவரு படுத்ததும் நான்தான் பாத்ரூம்ல வச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன். பாத்தரம் தேய்க்கிற சோப்பு, நாரு, எல்லாம் போட்டு. இப்பப் பாருங்க, கைலியத் தொறந்து காட்டுறேன், எப்படி மின்னுது! ரிம்மு உள்பக்கம் எப்பப் பாத்தாலும் ஏதாவது கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும். சாம்பல் கலர்ல, சின்னச் சின்னதா, சூயிங்கம் காஞ்ச மாதிரி. ரோட்டுல என்னத்த மிதிச்சுட்டு வருதோ! லேசுல வராது. தோசைக் கரண்டிய வச்சு நெம்புனா டக்குனு தெறிச்சு வரும். ஒண்ணு விடாமச் சொரண்டி...

என்னமா?

ஏன் வாயப் பொத்துறீங்க?

என்னது... வேணும்னு ஒட்டுறதா? யாரு ஒட்டுறா? சக்கரம் ஆடாம இருக்க ஒட்டுற வெயிட்டா? எங்க, ஃபோனக் காட்டுங்க. இருங்க, கண்ணாடி... ஆமா, இதேதான். இந்தக் கட்டிதான். கடையிலயும் இததான் ஒட்டுவாங்களா? அப்ப நாற்காலியப் போட்டு, சாயங்காலம் பூரா சுத்திச் சுத்தி... அவரு ஒட்டினது...

அலாமா.

எதுவுமே ஒட்ட மாட்டேங்குதுன்னு இததான் சொன்னாரா? நான் அர்ச்சனை பண்ணேனே! நீங்க சிரிக்காதீங்கமா. சரி, சிரிங்க. எதிர் சீட்டுல இருக்குற அந்தச் சீன அக்காவும் சிரிக்குது பாருங்க, அதுக்கு என்ன புரிஞ்சுதோ!

இப்ப நான் என்ன பண்றது? சொன்னா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. சொல்லாம விட்டா... கை போயிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டே உக்காந்திருப்பாரே. ச்சே. பாவம்மா அவரு.

ஐயோ, அவருதான் கூப்பிடுறாரு. நீங்க பேசுறீங்களா? ஒரே ஒரு வார்த்தை? வேணாமா? சரி சரி.

ஹலோ... ஏங்க, கத்தாதீங்க, காது போகுது. என்னது, ஜெயராஜா? அவரு எதுக்குங்க டயரத் திருடுறாரு! வாட்ச்மேன் ஜாகாவக் கூப்பிட்டிருக்கீங்களா? ஐயோ, ஜெயராஜ்கிட்ட மன்னிப்பு கேளுங்க மொதல்ல! டயரு எங்கிட்ட இருக்கு. ரயில்ல. ஆமா, ரயில்லதான். அப்புறம் சொல்றேன்... இல்ல, இப்பவே சொல்லிடறேன். நீங்க ஒட்டினதெல்லாம் ஒட்டுச்சுங்க. நல்லாவே ஒட்டுச்சு. நான்தான்... அழுக்குன்னு நெனச்சு... தோசைக் கரண்டியால சொரண்டிட்டேன். எல்லாத் தடவையும்.

ஹலோ? ஏங்க?

லைன் இருக்குமா. மூச்சு வாங்குற மாதிரி... அழறாரா? ஏங்க! ...சிரிக்கிறாருமா. ஐயோ, இருமி இருமிச் சிரிக்கிறாரு. ஜெயராஜ்கிட்ட சொல்றாரு, கேக்குது எனக்கு, அவரும் சிரிக்கிறாரு. போச்சு, இனி பிளாட்டு பூரா தெரிஞ்சிடும்... ஆங், சொல்லுங்க. வந்துட்டானா அவன்? செமினிக்காரனா? ...விக்கலன்னு சொல்லிட்டீங்களா? சரி. சரிங்க. திருச்செல்வம்கிட்டப் போகல. திரும்பிடறேன். வீட்டுலயே பண்ணுங்க, என் பாயிலயே உக்காந்து பண்ணுங்க. வச்சிடறேன்.

எதுக்கு இப்ப கண்ணு கரிக்குதோ தெரியல. இந்த ரயில்ல குளிரு ஜாஸ்தி வைக்கிறாங்க.

ஷா ஆலம் வந்துருச்சா? நானும் எறங்கிடறேன், எதிர்ப் பக்கம் ஏறணும். நீங்க எதுக்குமா, நானே தூக்கிக்குவேன். இல்ல, கொஞ்சம் புடிங்க, இந்தக் கைலி கால்ல சுத்துது... விட்டுடாதீங்க... ஐயோ விட்டுட்டீங்களே! புடிங்க, புடிங்க! அங்கிள், தள்ளி நில்லுங்க! தம்பி, கால நீட்டு, கால நீட்டு! ஐயோ, டயரு நிக்காம பிளாட்பாரத்துல உருண்டு போகுதே...

ஆனா ஒண்ணு பாருங்கமா, எவ்வளவு நேரா ஓடுது! கொஞ்சம் கூட ஆடல பாருங்க! எங்க வீட்டுக்காரரு மாட்டினது லா!