செம்பக்கமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

வேண்டாம் அண்ணை, அந்த மர வாங்கிலை நான் இருக்கமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் போய் இருங்கோ, நல்ல நிழல்தான். ஆனால் அதிலை இருந்தால் மேல்மாடி யன்னலாலை வடிவாத் தெரியும் எல்லோ. அவள் ஒருக்கா எட்டிப் பார்த்து, நான் இஞ்சை குந்தியிருக்கிறதைக் கண்டாளெண்டால் முடிஞ்சுது. பேனையை மூடிப்போட்டு இறங்கி வந்திடுவாள். இந்தப் பூவரசுக்குப் பின்னாலை எண்டால் பயமில்லை. எறும்பு கடிக்குதுதான், கடிச்சிட்டுப் போகட்டும்.

ஆரோ? என்ரை மனுசி அண்ணை, யசிந்தா. ஓம், முப்பத்துநாலு வயசிலைதான், பள்ளிக்கூடப் பிள்ளையள் எழுதுற ஓ.எல். கணக்குச் சோதினை எழுதுறாள். சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் காலமையிலையிருந்து சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். நெஞ்சு பக்குப்பக்கெண்டு அடிக்குது, அதுக்குள்ளை சிரிப்பும் வருது. என்ன விசரோ தெரியேல்லை.

உங்கடை ஆர் உள்ளுக்கை? மகளோ? அதுகளுக்கு என்ன, இளம் பிள்ளையள், விறுவிறெண்டு எழுதிப்போட்டு வருங்கள். என்ன பேர் சொன்னியள், சீவரத்தினம் அண்ணையோ? நான் கிறகோரி. சொந்த இடம் குருநகர். சண்டையிலை செல்லடி விழுந்தபிறகு இஞ்சை மருதனார்மடத்தடியிலை ஒரு வீட்டுத் தாவாரத்திலை இருக்கிறம். கடல் தொழில்தான் செய்தனான். இப்ப கடலிலை இறங்கேலாது எல்லோ, கொடிகாமத்திலை கத்தரிக்காய் வாங்கி சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்து சந்தையிலை விக்கிறன்.

சேட்டுப் பையிலை இருக்கிற இதோ? கோடு கீறுற அடிமட்டம் அண்ணை. சும்மா, முதுகு சொறியிறதுக்கு.

முசுப்பாத்தி என்னெண்டால், பள்ளிக்கூடத்திலை எனக்குப் பிடிச்ச ஒரேயொரு பாடம் விவசாயம். மற்றப் பாடமெல்லாம் வாங்கிலை ஒட்டிக்கொண்டு இருக்கவேணும், விவசாயத்துக்கு மட்டும் வெளியிலை விடுவினம். கடற்கரைப் பெடியன் நான், மண்வெட்டியை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டும் தெரியாது. ஆனால் என்ரை பாத்தியிலை காய்ச்ச கத்தரிக்காய்க்கு முதற்பரிசு! வீட்டை கொண்டுபோய்க் காட்ட என்ரை அப்பு கேட்டார், ஏன்ரா, மீனுக்குப் பரிசு குடுக்கமாட்டினமோ எண்டு.

அவளுக்குப் புவியியல். கண்ணை மூடிக்கொண்டு உலகப்படம் கீறுவாள். கலியாணம் முடிச்ச புதுசிலை என்ரை முதுகிலை விரலாலை ஒரு கண்டத்தைக் கீறிப்போட்டு, என்ன கண்டம், சொல்லுங்கோ எண்டுவாள். எனக்குக் கூச்சம் தாங்கேலாது. எதைக் கீறினாலும் அவுஸ்திரேலியா எண்டுவன். நைல் நதி எங்கை பிறந்து எங்கை விழுகுதெண்டு கடகடவெண்டு சொல்லுவாள் அண்ணை, ஆனால் அவள் ஆனையிறவைத் தாண்டினது மடு மாதா கோயில் திருநாளுக்கு மட்டும்தான்.

கணக்கெண்டால்தான் அவளுக்குப் பேயைக் கண்டமாதிரி. எட்டாம் வகுப்பிலை நல்லம்மா ரீச்சர் எண்டு ஒரு மனுசி, இவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டிருக்கிறா. ஒரு பின்னக் கணக்கு. இவள் சோக்கட்டியைப் பிடிச்சபடி நிண்டாள், நிண்டாள், பேந்து அப்பிடியே சாய்ஞ்சு விழுந்திட்டாள். தண்ணி தெளிச்சு எழுப்பி இருத்தினால், ரீச்சர் கேட்டாவாம், சரி, இப்ப விடையைச் சொல்லு எண்டு! அண்டையிலையிருந்து கணக்குத் தாளைக் கண்டாலே கைகால் உதறும். ரெண்டு தரம் ஓ.எல். எடுத்தவள். மற்றப் பாடமெல்லாம் நல்ல பாஸ். கணக்குக்கு மட்டும், முதல் அரை மணித்தியாலம் ஆரையும் வெளியிலை விடமாட்டினம் எண்டபடியால் அரை மணித்தியாலம் இருந்தாள், பிறகு முதல் ஆளா வெளியிலை வந்தாள். ரெண்டு தரமும் அதேதான்.

இப்ப என்னத்துக்கெண்டோ? எங்கடை இடம்பெயர்ந்த சனத்தின்ரை சின்னஞ்சிறுசுகளுக்கு அவள்தான் படிப்பிக்கிறாள். சம்பளம் கிம்பளம் ஒண்டுமில்லை, தொண்டர் ஆசிரியை. அதுகள் அவளின்ரை சீலைத் தலைப்பை விடாதுகள் அண்ணை, பள்ளிக்கூடம் விட்டாலும் பின்னாலை வீடுமட்டும் வருங்கள். கல்விக் கந்தோரிலை சொல்லிப்போட்டினம், கணக்குப் பாஸ் எண்டால் நிரந்தரமாக்குவம், இந்த முறையும் இல்லையெண்டால் வேறை ஆளைப் போடுவம் எண்டு. அண்டைக்கு வந்து குசினிக்குள்ளை இருந்து அழுதாள் பாருங்கோ, எனக்குத் தாங்கேலாமல் போச்சுது.

பொறுங்கோ, பொறுங்கோ! ஆரோ படியாலை இறங்குகினம். அவளோ? பச்சைச் சீலையோ? இல்லை, நல்ல காலம், தண்ணிக் குடம் கொண்டுவாற ஆள். அந்தோனியாரே!

பேந்து எப்பிடிப் படிச்சாளெண்டோ? அதையேன் கேக்கிறியள். சூத்திரம் ஒண்டும் மண்டையிலை நிக்கிறேல்லை. காலமை பாடமாக்கினால் மத்தியானம் காத்தோடை போயிடும். ஆனால் எங்கடை மாதா பிரார்த்தனை இருக்குதெல்லோ, உங்களுக்கு விளங்கச் சொல்லுறன். உங்கடை கோயிலிலை ஐயர் ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல, நீங்கள் போற்றி, போற்றி எண்டுறியள். அதுமாதிரி எங்கடையிலை ஒராள் மாதாவின்ரை பட்டமெல்லாம் முன்னுக்குச் சொல்ல, மற்ற ஆக்கள் பின்னுக்கு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் எண்டுவம். அது யசிந்தாவுக்குச் சின்னனிலையிருந்து தண்ணிபட்ட பாடு, ஒரு சொல்லுத் தவறாது. ஒருநாள் பொழுதுபட, செபத்துக்கு முழங்காலிலை இருக்கிறம். இவளின்ரை மனமெல்லாம் புத்தகத்திலை. ராகமெடுத்து முன்னுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள், திடீரெண்டு சொல்லுறாள், செங்கோண முக்கோணத்தின் செம்பக்கமே! நான் பழக்கத்திலை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் எண்டிட்டன்!

செம்பக்கம் தெரியாதோ? செங்கோண முக்கோணத்திலை ஆக நீளமான பக்கம் அண்ணை. பாருங்கோ, எனக்கும் அவ்வளவு தெரியுது.

அதோடை வழி பிறந்திட்டுது. சமாந்தரக் கோடுகளின் ஒன்றுவிட்ட கோணங்களே! எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்களே! எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அவள் சமைச்சாலும் சூத்திரம், உடுப்புத் தோய்ச்சாலும் சூத்திரம். நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு வேண்டிக்கொள்ளும் எண்டுவன். என்ரை அம்மா, யோசப்பின், அவவுக்குக் காது நல்லாக் கேக்கும், எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்தியா நெத்தியிலை சிலுவை போட்டுப்போட்டுக் கேட்டா, தம்பி, ஆரடா உந்தச் செம்பக்கத்தம்மாள், புதுசா வந்த புனிதையோ, அர்ச்சியசிட்டவளோ, திருநாள் எப்ப வருகுது எண்டு. சோதினை மார்கழியிலை எல்லோ, மார்கழியிலை வருகுது அம்மா எண்டன். மனுசி அதுக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்திட்டா அண்ணை!

ஆனால் பகிடியை விடுங்கோ. போன கிழமை பழைய வினாத்தாள் ஒண்டை எடுத்து வைச்சுக்கொண்டு இருந்தாள். வாய் முணுமுணுக்குது, கை எழுதுது. ஒரு உதறலும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அப்பிடி ஒரு வடிவு அவளிலை நான் முந்தி ஒருநாளும் காணேல்லை.

என்ன அண்ணை, திரும்பவும் அடிமட்டத்தையே பார்க்கிறியள்? பேனையும் தெரியுதோ? ஓம், ரெண்டு பேனை. ஒண்டு எழுதாட்டில் மற்றதாலை எழுதச் சொல்லி அவள்தான் காலமை பையிலை செருகிவிட்டவள்.

சரி, உங்களுக்கு ஒளிச்சு என்ன. நானும் எழுதத்தான் வந்தனான். உந்தக் கீழ் மண்டபத்திலை, ஆம்பிளையளின்ரை பக்கம், மூண்டாவது வரிசை. நீங்களும் இருந்தால்தான் நானும் இருப்பன், நீங்கள் கீழை இருக்கிறியள் எண்டு தெரிஞ்சால் நான் எழும்பி ஓடமாட்டன் எண்டு சொன்னவள். நானும் மார்தட்டிக்கொண்டு, அதுக்கென்ன, எழுதினால் போச்சு எண்டு விண்ணப்பத்தைப் போட்டிட்டன். அவளைப் பயந்தாங்கொள்ளி எண்டு எத்தினை தரம் பகிடி பண்ணியிருப்பன்!

உள்ளுக்கை போய் இருந்து தாளைத் திருப்பினன் அண்ணை. முதல் பக்கத்திலையே ஒரு செங்கோண முக்கோணம் கீறிக் கிடக்குது. ஆகா, எங்கடை ஆள் எண்டு சந்தோசம். எழுதுவமெண்டு பார்த்தால் ஒண்டும் வருகுதில்லை. அவள் முன்னுக்குச் சொல்லுவாள், நான் பின்னுக்குச் சொல்லுவன், இதுதானே இவ்வளவு நாளும் நடந்தது. என்ரை வாயிலை இருக்கிறது ஒரேயொரு வரிதான், அது நல்ல சத்தமா வெளியிலை வந்திட்டுது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேற்பார்வை சேர் ஓடிவந்து, தம்பி, சுகமில்லையோ எண்டார். பிறகென்ன, அரை மணித்தியாலம் இருந்தன். முதல் ஆளா வெளியிலை வந்தன்.

மணி அடிக்குது. அண்ணை, மணி அடிச்சிட்டுது! கடைசிமட்டும் இருந்திட்டாள். கடவுளே, அவள் கடைசிமட்டும் இருந்திட்டாள் அண்ணை! அங்கை பாருங்கோ, பச்சைச் சீலை, கையெல்லாம் மை, சிரிச்சுக்கொண்டு வாறாள். கீழ் மண்டபத்து வாசலிலை போய் நிக்கிறாள், என்னைத்தான் தேடுறாள்.

இல்லை, நான் ஒளிக்கேல்லை. சொல்லத்தான் போறன். முதல் அவள் தன்ரை சந்தோசப் புளுகம் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், பிறகு சொல்லுறன். விழுந்து விழுந்து சிரிப்பாள், சிரிக்கட்டும். அடுத்த மார்கழிச் சோதினைக்கு நான் முன்னுக்குச் சொல்லவேணும், அவள் பின்னுக்குச் சொல்லட்டும்.

யசிந்தா! அங்கையில்லை, இஞ்சை! இஞ்சை நிக்கிறன்!