டிரைவர் மாமாவின் சிரிப்பு

— அந்த நட்டை இப்பக் கழட்டாதடா, கட்டில் சாஞ்சுடும். மொதல்ல மெத்தையை எடு.

— அக்கா, நீ போய் உக்காரு. ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருப்பி எடுத்துட்டுப் போக வேன் வந்துட்டிருக்கு. அதுக்குள்ள பிரிச்சுடுறேன்.

— உக்காந்தா அழுகை வருது. நின்னுக்கிட்டே இருக்கேன். ரெண்டு வருஷம் இதுலயே கெடந்தாருடா மனுஷன். ஒரு நாள் சலிச்சுக்கிட்டிருப்பாரா?

— இது வந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? மூச்சு வாங்குது, மாமாவால நிக்க முடியல. அப்பவும் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, கட்டிலைத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு, "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்!"

— பஸ் ஓட்டி ஓட்டி, கண்டக்டர் பேச்சே ஒட்டிக்கிட்ட வாய் சும்மா இருக்குமா? வீட்லயும் அதே கதைதான். எல்லார் தட்டுலயும் சோறு விழுந்துடுச்சான்னு பாத்துட்டு, "போலாம் ரைட்"ம்பாரு. மிச்சம் மீதிதான் அவருக்கு.

— நான் படிக்க வந்து உங்க வீட்ல தங்கினேனே, மொத நாளே என் படுக்கையை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டாரு. "எனக்கு இன்ஜின் சூடு பழகிடுச்சு மாப்ளே, நீ காத்தாடப் படு." உங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசங்கூட ஆகல. எனக்குக் கூச்சமாப் போச்சு.

— பெரியவளுக்கு ஜடை போட்டு விடுவாரே! நான் அசந்து தூங்குறேன்னு எழுப்ப மாட்டாரு. ஒண்ணு காதுக்கு மேல நிக்கும், இன்னொண்ணு தோள்ல தொங்கும். பள்ளிக்கூடமே சிரிச்சாலும் அவ அவுக்க மாட்டா.

— அதைச் சொல்லித்தான் நேத்துகூட ஃபோன்ல அழுதா.

— டேய், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. ஞாயித்துக்கிழமை நீ வருவியே, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?

— என்ன சொல்லணும்?

— நீ வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள என்னை வெளிய தொரத்துவாரு. "போ, கடைத்தெருவுக்குப் போ, சிநேகிதி வீட்டுக்குப் போ." அத்தனை வருஷத்துல அப்படி அனுப்பினதே இல்ல. என் மூஞ்சி அலுத்துப்போச்சு போலன்னு நினைச்சுட்டேன்.

— உனக்கென்ன பைத்தியமா? நீ கொஞ்சம் மூச்சு விடட்டும்னுதான் அனுப்பினாரு. நீயும்தான் ஜாலியாச் சுத்திட்டு வந்தே.

— நான் எங்கயும் போகல.

— என்னது?

— தெருவுல இறங்கி, வீட்டைச் சுத்தி வந்து, பின்பக்கப் படியில உக்காந்துப்பேன். என்னைக் குறை சொல்றாரான்னு கேக்கத்தான் மொதல்ல உக்காந்தேன். ஒரு வார்த்தை இல்ல. ஒரே சிரிப்பு. பிரேக் பிடிக்காத பஸ், சில்லறை கேட்டுச் சண்டை போட்ட கிழவன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீ போனதும் என்கிட்ட, "தண்ணி குடு, விளக்கை அணை." அவ்வளவுதான். உன் மேல பொறாமைடா எனக்கு. பக்கத்துலயே கெடந்தவ நான், சிரிப்பு மட்டும் உனக்கா?

— அக்கா... நெசமாவே படியிலயா உக்காந்திருந்தே?

— ஆமாடா. ஏன் இப்படி முழிக்கிற?

— நான் உள்ள வந்ததும் பின்பக்க ஜன்னலைத் தொறக்கச் சொல்வாரு. குளிர் காத்து ஆகாது மாமா, இருமல் வந்துடும்பேன். கேக்க மாட்டாரு. "தொற மாப்ளே, உங்கக்காவுக்குக் கேக்கணும்"பாரு. நீதான் வீட்லயே இல்லையே, மருந்து மயக்கத்துல உளறுறாருன்னு நினைச்சேன்.

— எனக்கா? எனக்குக் கேக்கணும்னா சொன்னாரு?

— ஒரு நாள் கேட்டே புட்டேன், அக்காவை வெளிய அனுப்பிட்டு இதென்ன கூத்துன்னு. "அவ மூஞ்சியைப் பாத்தா அழுகைதான் வருது மாப்ளே. ஜன்னலுக்கு அந்தப் பக்கமா அவ இருந்தா, என் சிரிப்பாவது போய்ச் சேரட்டும்"னாரு.